விண்ணப்பத்தில் எந்தப் பாடத்தை எழுதுவது? அமெரிக்க ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையும் பட்டப்படிப்புத் தேர்வும்

1947-ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு வானூர்திப் பொறியியல் படிக்கச் சென்ற பதினேழு வயது மாணவர் ஒருவருக்கு அமெரிக்கக் கடற்படை படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டது. ஹாலோவே திட்டம் என்று வழங்கிய அந்த ஏற்பாட்டின்படி அவர் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, விமானப் பயிற்சிக்கும் கடற்படைப் பணிக்கும் சென்று, பின்னர் திரும்பிவந்து பட்டத்தை முடிக்க வேண்டும். கொரியப் போரில் பறந்துவிட்டு வந்து 1955-இல் பட்டம் பெற்ற அந்த மாணவர் நீல் ஆம்ஸ்ட்ராங். அதற்கு ஓராண்டு முன்பு நியூயார்க் சிட்டி கல்லூரியில் பொறியியலில் சேர்ந்த கொலின் பவல், ஒரு கூம்பைத் தளம் ஒன்று வெட்டிச் செல்வதை மனக்கண்ணில் பார்க்கச் சொன்ன வரைபட வகுப்போடு அந்தப் படிப்பைக் கைவிட்டு, நிலவியலுக்கு மாறினார். மதிப்பெண்கள் நடுத்தரமாகவே இருந்தன, கல்லூரியிலேயே இராணுவ அதிகாரிப் பயிற்சி தரும் ஆர்.ஓ.டி.சி. வகுப்புகளில் மட்டும் முதல் தரம். 1958-இல் இரண்டாம் லெப்டினன்ட் ஆன அவர் 1989-இல் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவரானார்.

இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் “எந்தப் பாடம் படித்தாலும் உயரலாம்” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் கவனிக்கத் தவறும் வேறுபாடு ஒன்று உண்டு. ஆம்ஸ்ட்ராங்கின் படிப்புக்குக் கடற்படை பணம் கொடுத்தது. பவலின் படிப்புக்குப் படை எதுவும் பணம் கொடுக்கவில்லை. சிட்டி கல்லூரியில் அன்று கட்டணமே கிடையாது. தரைப்படையின் ஆர்.ஓ.டி.சி.யில் உதவித்தொகை என்ற ஒன்று 1964-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. ஆகவே, பவல் பாடத்தை மாற்றிக்கொள்ள எந்தத் தலைமையகத்திடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்று உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறதா என்பது அவர் எந்தப் படையின் விண்ணப்பத்தை நிரப்புகிறார் என்பதைப் பொறுத்தது. இந்த ஒப்பீட்டில் நான் சொல்ல வருவதும் அதுவே: முதலில் படையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதன் பிறகே பாடத்தை, இந்த வரிசையை மாற்றினால் கணக்கு தவறிவிடும்.

ஆர்.ஓ.டி.சி. என்பது 1916-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தால் உருவான அதிகாரிப் பயிற்சி அமைப்பு. மாணவர் வழக்கமான பல்கலைக்கழகத்தில் வழக்கமான பட்டப்படிப்பைப் படித்துக்கொண்டே இராணுவ வகுப்புகளையும் உடற்பயிற்சியையும் கோடைக்கால முகாம்களையும் முடித்து, பட்டமளிப்பின்போது அதிகாரியாகப் பதவியேற்கிறார். உதவித்தொகை பெற அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். பச்சை அட்டை (கிரீன் கார்டு) போதாது. டெக்சாஸிலோ நியூஜெர்சியிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெற்றோர் இன்னும் விசா வரிசையில் நின்றுகொண்டிருக்க, இங்கே பிறந்த பிள்ளை மட்டும் இதற்குத் தகுதி பெற்றிருப்பது சாதாரணமாக நடப்பதால், இதைப் பற்றிய கேள்விகள் இப்போது நம் வீடுகளிலும் எழுகின்றன. பட்டப்படிப்பின் முதன்மைப் பாடத்தை இங்கே “மேஜர்” என்பார்கள். இராணுவத்தில் மேஜர் என்பது பதவியும் ஆகையால், பாட்டியிடம் இதை விளக்க முற்பட்ட வீடுகளில் நேர்ந்த குழப்பத்தைச் சொல்லத் தேவையில்லை. குழப்பம் வேண்டாம் என்று நான் பாடம் என்றே எழுதுகிறேன்.

விமானப்படையிலிருந்து தொடங்குவது எளிது, ஏனெனில் அங்கே பணமும் பாடமும் மிக இறுக்கமாகக் கட்டப்பட்டுள்ளன. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான உதவித்தொகையில் மூன்று வகைகள் உள்ளன. அவற்றின் எண்கள் ஒன்று, இரண்டு, ஏழு என்று தாவிச் செல்வதற்கு விளக்கம் தேடாமல் இருப்பது நல்லது. முதல் வகை முழுக் கல்விக் கட்டணத்தையும் தருகிறது. இரண்டாம் வகை ஆண்டுக்கு 18,000 டாலர் வரை தருகிறது. ஏழாம் வகை அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்மாநில மாணவருக்கான, அதாவது அதே மாநிலத்தில் வசிப்பவருக்கான, கட்டண அளவுக்குத் தருகிறது. விண்ணப்பத்தில் எழுதும் பாடம் “தொழில்நுட்பம்”, “தொழில்நுட்பம் அல்லாதது”, “அயல்மொழி” என்று பிரிக்கப்படுகிறது. உதவித்தொகைகளில் பெரும்பகுதி முதல் பிரிவுக்கே போகிறது. முக்கியமானது என்னவென்றால், உதவித்தொகை மாணவருக்கு மட்டும் வழங்கப்படுவதில்லை, அந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவருக்கு வழங்கப்படுகிறது. மின்னணுப் பொறியியலுக்காகக் கிடைத்த தொகையை வைத்துக்கொண்டு இயந்திரப் பொறியியலுக்கு மாற அனுமதி கேட்கலாம். அரசியல் அறிவியலுக்கு மாறினால் தொகை பெரும்பாலும் போய்விடும்.

விமானப்படையில் பாடத்தின் பிடி பணியிலும் தொடர்கிறது. வானிலை அதிகாரிக்கு வானிலையியல் படிப்பும், மேம்பாட்டுப் பொறியாளருக்கு அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டமும், கட்டுமானப் பொறியாளருக்குப் பொறியியலோ கட்டடக்கலையோ தேவை. ஆனால் விமானியாக விரும்புபவருக்கு எந்தப் பாடமும் கட்டாயம் இல்லை. தகுதித் தேர்வு, பறத்தல் திறன் மதிப்பீடு, உடற்தகுதி, படைப்பிரிவுத் தலைவரின் தரவரிசை, தர சராசரி (நான்குக்கு எவ்வளவு என்று கணக்கிடும் ஜி.பி.ஏ.) ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். இதில் பலர் யோசிக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. விமானியாகும் கனவோடு வான்வெளிப் பொறியியல் எடுத்த மாணவர் விமானித் தேர்வில் தவறினால், அவருடைய பட்டமே அவரை ஓர் ஆய்வகத்துக்கோ ஆயுதக் கொள்முதல் அலுவலகத்துக்கோ இழுத்துச் செல்லக்கூடும், ஏனெனில் அத்தகைய பட்டம் பெற்றவர்கள் படைக்கு எப்போதும் பற்றாக்குறை. அந்த வேலை பிடித்திருந்தால் அது வரம். பறப்பதற்காக மட்டுமே கணக்கோடு நான்கு ஆண்டுகள் மல்லுக்கட்டியவருக்கு அது வேறு அனுபவமாக இருக்கும். 2023-இல் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவரான சார்லஸ் பிரவுன் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் படித்து, 1984-இல் ஆர்.ஓ.டி.சி. வழியாக வந்து, எஃப்-16 விமானியானவர். அவர் பறந்த விமானத்துக்கும் அவர் படித்த பாலங்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தப் படிப்பு அவருக்குத் தடையாகவும் இருக்கவில்லை.

கடற்படையின் ஏற்பாடு இதைவிட விரிவானது. மற்ற படைகளைவிட இங்கே விதிகள் எழுத்தில் தெளிவாக இருப்பதால் நான் இதற்கு அதிக இடம் ஒதுக்குகிறேன். கடற்படை தன் உதவித்தொகை மாணவர்களின் பாடங்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்திருக்கிறது. முதல் அடுக்கில் இயந்திரம், மின்னியல், வேதியியல், அணுவியல், வான்வெளி, கப்பல் கட்டுமானம் போன்ற பொறியியல் துறைகள் வருகின்றன. இரண்டாம் அடுக்கில் பிற பொறியியல் துறைகளோடு கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் போன்றவை வருகின்றன. வரலாறு, ஆங்கிலம், அரசியல், வணிகம் உள்ளிட்ட மற்றவை மூன்றாம் அடுக்கு. உதவித்தொகைகளில் குறைந்தது 85 விழுக்காட்டை முதல் இரண்டு அடுக்குகளுக்கே வழங்குவது கடற்படை அறிவித்து வந்துள்ள கொள்கை. அதாவது, வரலாறு என்று எழுதும் மாணவர் மீதமுள்ள சிறு பங்குக்காக நாட்டின் சிறந்த வரலாற்று, மொழி, அரசியல் மாணவர்கள் எல்லாரோடும் போட்டியிடுகிறார். அதே மதிப்பெண்ணும் அதே விளையாட்டுத் தகுதியும் கொண்ட இயற்பியல் மாணவர் மிகப் பெரிய பங்குக்காகப் போட்டியிடுகிறார்.

அடுக்கைவிட முக்கியமாக நான் கருதுவது இன்னொரு விதி. கடற்படைப் பிரிவில் உதவித்தொகை பெறும் மாணவர் எந்த அடுக்கில் இருந்தாலும், ஆங்கில இலக்கியமே படித்தாலும், இரண்டு பருவங்கள் கால்குலஸும் (நுண்கணிதம்), கால்குலஸை அடிப்படையாகக் கொண்ட இயற்பியல் இரண்டு பருவங்களும் முடித்தாக வேண்டும்; கால்குலஸ் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள், இயற்பியல் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள். மருத்துவ மாணவர்களுக்கான இலகுவான இயற்பியல் வகுப்பு இதற்குப் பொருந்தாது. கணக்கிலிருந்து தப்பிக்க இலக்கியம் எடுத்த ஒருவரைக் கடற்படை அதே கணக்கு வகுப்பில் பொறியியல் மாணவர்களுக்கு நடுவே உட்கார வைத்து, அவர்களோடு ஒப்பிட்டே மதிப்பெண் பெற வைக்கிறது. ஆகையால் கணிதத்தை உண்மையிலேயே சகிக்க இயலாத பிள்ளைக்குக் கடற்படையில் எந்த அடுக்கும் அடைக்கலம் தராது. மறுபுறம், கணிதம் தெரிந்தும் இலக்கியத்தை விரும்பும் பிள்ளைக்கு இந்த விதியே ஒரு வாசலாகிறது: நீர்மூழ்கிக் கப்பல் பிரிவுகூட பட்டத்தின் பெயரைவிட இந்த நான்கு வகுப்புகளின் மதிப்பெண்களையும், வாஷிங்டனில் நடக்கும் தொழில்நுட்ப நேர்காணலையும்தான் பார்க்கிறது. அணுசக்திக் கப்பல்களுக்கான அதிகாரிகளை அணு உலைத் துறையின் தலைவரே நேரில் பேட்டி கண்டு தேர்ந்தெடுக்கும் வழக்கம் அட்மிரல் ஹைமன் ரிக்கோவர் தொடங்கியது; இன்றும் அது தொடர்கிறது. அனாபொலிஸில் உள்ள கடற்படைக் கல்விக்கழகத்தில் ஆங்கிலம் படித்தவருக்கும் இளநிலை அறிவியல் பட்டமே வழங்கப்படுகிறது என்பதை அறிந்தால் இந்த மனப்போக்கின் வேர் புரியும்: அங்கே எல்லா மாணவருக்கும் கணிதமும் பொறியியலும் பொது அடித்தளம்.

பாடத்தை மாற்றுவதும் கடற்படையில் எளிதன்று. ஒரே அடுக்குக்குள் மாறப் பல்கலைக்கழகப் பிரிவின் தலைமை அதிகாரியின் ஒப்புதல் போதுமானதாக இருக்கலாம். மேல் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு இறங்க விரும்பினால் கோரிக்கை உயர் தலைமையகம் வரை செல்லும், மறுக்கப்படவும் கூடும். நான்கு ஆண்டு உதவித்தொகைக்கு ஈடாக ஐந்து ஆண்டுகள் முழுநேரப் பணி என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். செவிலியர் பிரிவுக்கும், கடலிலிருந்து தரையிறங்கிப் போரிடும் மரைன் படைக்கான பிரிவுக்கும் அது நான்கு ஆண்டுகள். விமானியானால், பயிற்சி முடித்துச் சிறகுச் சின்னம் பெற்ற நாளிலிருந்து எட்டு ஆண்டுகள்.

மரைன் பிரிவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடற்படை ஆர்.ஓ.டி.சி.யின் கீழேயே இயங்கினாலும் அங்கே அடுக்குகள் இல்லை, கால்குலஸ் கட்டாயமும் இல்லை. உடற்தகுதியையும் தலைமைப் பண்பையும் முன்னிறுத்திப் பார்ப்பார்கள். வரலாறு படிக்க விரும்பும், மூன்று மைல் ஓட்டத்தை இருபது நிமிடத்துக்குள் முடிக்கும் மாணவருக்கு இதுவே இயல்பான இடம். ஆனால் ஓட்டத்துக்கும் பாடத்துக்கும் தொடர்பில்லாத வேறு ஏதோ காரணத்துக்காக மரைன் படையை நாடுபவர்கள், முதலில் அந்தப் படையின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது.

தரைப்படை இவற்றுக்கு நேர்மாறான முனையில் நிற்கிறது. அதன் ஆர்.ஓ.டி.சி.யே அமெரிக்கத் தரைப்படைக்கு மிக அதிக அதிகாரிகளைத் தரும் வழி. அந்த உதவித்தொகையைப் பெரும்பாலும் எந்தப் பாடத்துக்கும் கொண்டுசெல்லலாம். கல்விக் கட்டணத்தையோ, அதற்குப் பதிலாக உணவு, தங்குமிடச் செலவையோ தேர்ந்தெடுக்கும் வசதியும், புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,200 டாலரும், படிக்கும் மாதங்களில் மாதத்துக்கு 420 டாலர் கைச்செலவும் அதில் அடக்கம். அறிவியல், பொறியியல் மாணவர்களை அவர்கள் விரும்பாமல் இல்லை. ஆயினும் பட்டத்தின் பெயரைவிட அந்தப் பட்டத்தில் எடுத்த தர சராசரி, கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் நடக்கும் கோடைக்கால முகாமின் முடிவு, உடற்தகுதி, பயிற்றுநர்களின் மதிப்பீடு ஆகியவையே எந்தப் பிரிவுக்குச் செல்வது என்பதைத் தீர்மானிப்பதில் கனம் பெறுகின்றன. 2019 முதல் 2023 வரை முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக இருந்த மார்க் மில்லி பிரின்ஸ்டனில் அரசியல் படித்து, 1980-இல் ஆர்.ஓ.டி.சி. வழியே வந்தவர்.

இங்கேயும் விதிவிலக்குகள் உண்டு. செவிலியருக்கான இடங்கள் செவிலியப் பட்டத்துக்கே உரியவை. 2014-இல் தனிப்பிரிவாக்கப்பட்ட, கணினி வலையமைப்புப் போருக்கான சைபர் பிரிவு கணினி அறிவியல், மின்னியல் போன்ற பின்னணி உள்ளவர்களையே நாடுகிறது. பொறியியல் பிரிவும் பொறியியல் பட்டதாரிகளை வரவேற்கிறது. ஆனால் கணினி அறிவியல் படித்தால் சைபர் பிரிவு கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. இடங்கள் மிகக் குறைவு. கணினிப் பட்டத்தோடு பீரங்கிப் பிரிவுக்கோ காலாட்படைக்கோ செல்பவர்கள் உண்டு. உதவித்தொகை ஒப்பந்தத்தில் அதிகாரிப் பதவிக்குத்தான் வாக்குறுதி, பிரிவுக்கு இல்லை.

இனிப் பாடங்களையே ஒன்றுக்கொன்று எதிராக வைத்துப் பார்க்கலாம். நம் வீடுகளில் பொறியியல் என்பது யோசிக்கத் தேவையில்லாத விடை. அந்த விடை கடற்படைக்கும் விமானப்படைக்கும் பொருந்திவிடுவதால், நாம் சரியாகத்தான் யோசித்திருக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உதவித்தொகையை வெல்லும் கட்டத்தில் பொறியியலுக்குச் சாதகம் அதிகம் என்பதில் ஐயமில்லை. வென்றபின் தராசு சாயத் தொடங்குகிறது. விடியலில் உடற்பயிற்சி, வாரந்தோறும் இராணுவ வகுப்பு, சீருடை அணிந்து செல்லும் பயிற்சிக்கூடம், இடையிடையே வார இறுதிக் களப்பயிற்சி என்று ஆர்.ஓ.டி.சி. ஒரு பகுதிநேர வேலையைப் போல நேரத்தை எடுத்துக்கொள்கிறது. வெப்ப இயக்கவியலும் திரவ இயக்கவியலும் ஒரே பருவத்தில் வரும் மாணவருக்கு, அவை வராத மாணவரைவிட அந்த நேரம் கனமாக விழுகிறது. தரவரிசைப் பட்டியலிலோ இந்த உழைப்பு வேறுபாட்டுக்கு ஈடாக வரும் சலுகை சிறிது. வான்வெளிப் பொறியியலில் 2.9 எடுத்தவரும் வரலாற்றில் 3.7 எடுத்தவரும் ஒரே விமானி இடத்துக்கு நிற்கும்போது 3.7 என்பது 3.7-ஆகவே படிக்கப்படும். விமானப்படை உதவித்தொகையைத் தக்கவைக்க வேண்டிய குறைந்தபட்சத் தர சராசரி 2.5; பள்ளியில் முதலிடம் பெற்ற பிள்ளைக்கு அது நகைப்புக்குரிய எண்ணாகத் தோன்றும். பொறியியலின் மூன்றாம் பருவத்தில் அந்த நகைப்பு நின்றுவிடுவதுண்டு.

கணினி அறிவியல், கணிதம், இயற்பியல் ஆகிய மூன்றும் என் கணிப்பில் தகுதிக்குக் குறைவாக மதிப்பிடப்படும் தேர்வுகள். கடற்படை, விமானப்படை இரண்டிலும் இவை தொழில்நுட்பப் பாடங்களாகவே எண்ணப்படுகின்றன. பொறியியல் துறைகளில் உள்ளதுபோல் ஒவ்வொரு பருவத்திலும் அசையாத கட்டாயப் பாடங்கள் இவற்றில் குறைவு. விருப்பப் பாடங்களுக்கு இடம் இருப்பதால் இராணுவ வகுப்புகளின் கிரெடிட்டுகளை (பட்டத்துக்குக் கணக்கிடும் பாட அலகுகளை) உள்ளே பொருத்த முடிகிறது. கடற்படை கேட்கும் கால்குலஸும் இயற்பியலும் கணித, இயற்பியல் மாணவருக்குப் பட்டத்தின் பகுதியாகவே முடிந்துவிடுகின்றன. பொறியியல் பட்டம் கட்டாயம் என்று சொல்லும் சில பணிகள் மட்டும் இவர்களுக்கு மூடியிருக்கும். அந்தப் பணிகளை விரும்பாதவருக்கு அது இழப்பாகாது.

வரலாறு, அரசியல், பொருளியல், மொழிகள் ஆகியவற்றுக்கு வருவோம். தரைப்படைக்கும் மரைன் படைக்கும் இவை முழு மதிப்புள்ள தேர்வுகள். ஒரு இளம் அதிகாரியின் அன்றாட வேலை எழுதுவதும், பேசுவதும், மனிதர்களைப் புரிந்துகொள்வதும்தான் என்று பார்த்தால் இவை பொருத்தமானவையும்கூட. ஆனால் விமானப்படை, கடற்படை உதவித்தொகைகளை நாடுபவர் இவற்றை எழுதும்போது, தான் குறுகிய கதவின் முன் நிற்பதை அறிந்தே நிற்க வேண்டும். அங்கும் ஒரு மாற்று வழி இருக்கிறது: உதவித்தொகை இல்லாமலேயே ஆர்.ஓ.டி.சி.யில் சேர்ந்து, முதல் ஆண்டில் நல்ல மதிப்பெண்ணும் நல்ல மதிப்பீடும் பெற்று, கல்லூரிக்குள்ளிருந்தே மூன்று ஆண்டு அல்லது இரண்டு ஆண்டு உதவித்தொகைக்குப் போட்டியிடலாம். உள்மாநிலக் கட்டணம் குறைவாக உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவருக்கு இது மோசமான கணக்கு இல்லை. தனியார் பல்கலைக்கழகத்தின் ஓராண்டுச் செலவையே தாங்க இயலாத குடும்பத்துக்கு இது சூதாட்டம்.

செவிலியப் படிப்பைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை, அது எனக்கு வியப்பாக இருக்கிறது. தரைப்படையிலும் கடற்படையிலும் செவிலியருக்கென்று தனி இடங்கள் உண்டு. பட்டம் முடித்து, உரிமத் தேர்வில் தேறி, அதிகாரியாகச் சேர்ந்த நாள் முதல் என்ன வேலை என்பதில் குழப்பமில்லை. மேலே சொன்ன எந்தப் பாடத்துக்கும் இந்த உறுதி கிடையாது. இதன் குறையும் அதேதான்: செவிலிய உதவித்தொகையோடு வந்தவர் பாதி வழியில் வேறு பாடத்துக்கு மாறினால் உதவித்தொகையின் அடிப்படையே போய்விடும்.

மருத்துவராகும் எண்ணம் உள்ள பிள்ளையை ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகைக்குத் தள்ளும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. இளநிலைப் படிப்பில் உயிரியலை எடுத்துக்கொண்டு, பட்டம் முடிந்ததும் நேரே மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடலாம் என்று திட்டமிட முடியாது. பணியைத் தள்ளிவைத்து மேற்படிப்புக்குச் செல்ல அனுமதி பெறுபவர்கள் சிலரே. மற்றவர்கள் முதலில் கப்பலுக்கோ படைமுகாமுக்கோ செல்ல வேண்டும். மருத்துவமே இலக்கு என்றால், இளநிலைப் பட்டத்தைத் தன் செலவிலோ வேறு உதவியிலோ முடித்துவிட்டு, மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தைப் படையே செலுத்தும் சுகாதாரத் தொழில் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், மேரிலாந்தின் பெதஸ்டாவில் உள்ள, கட்டணமே இல்லாத இராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தை நாடுவதும் நேரான வழிகள்.

“இப்போதைக்குப் பொறியியல் என்று எழுதி உதவித்தொகையை வாங்கிவிடுவோம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்ற யோசனையை நான் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். தரைப்படையில் இது தேவையற்ற தந்திரம், ஏனெனில் அங்கே மாற்றிக்கொள்வதற்குத் தடை குறைவு. கடற்படையிலும் விமானப்படையிலும் இது பலிக்காத தந்திரம். அந்த விதிகளே இத்தகைய யோசனையை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. நேர்காணலிலேயே பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். இயந்திரப் பொறியியலை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்கும் அதிகாரி, பதிலில் இயந்திரம் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பார். தப்பித்து உள்ளே நுழைந்தாலும் ஒப்பந்தக் கணக்கு காத்திருக்கிறது. பள்ளியிலிருந்து நேராக நான்கு ஆண்டு உதவித்தொகையோடு வருபவர் முதல் ஆண்டு முடிவதற்குள் எந்தக் கடமையும் இன்றி விலகிவிடலாம். இரண்டாம் ஆண்டு தொடங்கியபின் விலகினால் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கட்டவோ, அதிகாரி அல்லாத படைவீரராகப் பணியாற்றவோ நேரிடலாம். ஆகவே பாடத்தைப் பற்றிய ஐயம் எதுவானாலும் முதல் ஆண்டுக்குள் தீர்த்துக்கொள்வது பணக்கணக்கிலும் முக்கியமானது. கால்குலஸையும் முதல் இயற்பியல் வகுப்பையும் முதல் ஆண்டிலேயே எடுத்துவிடச் சொல்வது இதனால்தான். தாங்குமா தாங்காதா என்பது விலக வாய்ப்பிருக்கும்போதே தெரிந்துவிடும்.

பாடம் தன் காலில் நிற்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் மருத்துவப் பரிசோதனை. உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் பாதுகாப்புத் துறையின் மருத்துவக் குழு ஆய்வு செய்யும்போது, பதின்மூன்று வயதுக்குப் பிறகும் தொடர்ந்த ஆஸ்துமா, சில வகை ஒவ்வாமைகள், பழைய அறுவை சிகிச்சைகள் போன்றவற்றுக்காகத் தகுதி மறுக்கப்படுவதும், விலக்கு கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதும் அரிதல்ல. மூன்றாம் ஆண்டில் முழங்கால் ஒடிந்து வெளியேறியவர்களும் உண்டு. சீருடை கைநழுவிய பிறகு மாணவரிடம் மிஞ்சுவது பட்டம் மட்டுமே. படைக்காகவே எடுத்த, தனக்கு விருப்பமில்லாத பொறியியலில் 2.6-ஓடு நிற்பவருக்கு அந்த நாள் இருமடங்கு கடினமாக இருக்கும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் பரிந்துரை மாணவருக்கு மாணவர் மாறும். நீர்மூழ்கியோ அணுசக்திக் கப்பலோ ஈர்க்கிறது என்றால் கடற்படை, பாடம் இயற்பியல் அல்லது இயந்திரப் பொறியியல். இங்கே தயங்க எதுவும் இல்லை. பறக்க வேண்டும், ஆனால் கணக்கில் நடுத்தரம்தான் என்றால், விமானப்படையின் நான்கு ஆண்டு உதவித்தொகை மீதான ஆசையைக் குறைத்துக்கொண்டு, கட்டணம் குறைந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் தனக்கு நன்றாக வரும் பாடத்தில் உயர்ந்த தர சராசரி எடுத்து, உள்ளிருந்தபடியே விமானி இடத்துக்குப் போட்டியிடுவதையே நான் விரும்புவேன். பயிற்சி முடிந்தபின் பத்து ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பதையும் அவர் பதினெட்டு வயதிலேயே நினைவில் வைக்க வேண்டும். எந்தப் படை என்பதில் உறுதியில்லை, மனிதர்களை வழிநடத்தும் ஆசை மட்டும் உண்டு, செலவு ஒரு பெரிய கவலை என்றால், தரைப்படையின் உதவித்தொகையும் தன் மனதுக்குப் பிடித்த பாடமும். பொறியியலே உண்மையில் பிடித்திருக்கிறது என்றால் மூன்று படைகளுக்கும் விண்ணப்பிக்கலாம், அது அனுமதிக்கப்பட்டதே. எந்த உதவித்தொகை வருகிறதோ அதைப் பொறுத்துப் பிறகு முடிவு செய்யலாம்.

விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. பெரும்பாலோர் இதைக் கல்லூரியில் சேர்ந்தபின்தான் செய்கிறார்கள். சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் துறை வெளியிட்டுள்ள நான்கு ஆண்டுப் பாட அட்டவணையை எடுத்து, அதன்மேல் அந்தப் படையின் இராணுவ வகுப்புகளைப் பருவம் பருவமாக எழுதிப் பார்க்க வேண்டும். அந்த வகுப்புகளுக்குப் பட்டத்துக்கான கிரெடிட் உண்டா, அல்லது அவை மேல்சுமையாகத்தான் நிற்குமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கடற்படை என்றால் கால்குலஸும் இயற்பியலும் எந்தப் பருவத்தில் விழுகின்றன என்றும், கட்டடக்கலை போன்ற ஐந்து ஆண்டுப் படிப்பு என்றால் ஐந்தாம் ஆண்டுக்கு உதவித்தொகை நீளுமா என்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆர்.ஓ.டி.சி. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இரண்டாம் ஆண்டின் ஏதாவதொரு பருவத்தில் கூட்டுத்தொகை 20 கிரெடிட்டைத் தாண்டினால், அந்தக் கல்லூரியில் அந்தப் பாடத்தையும் அந்தப் படையையும் ஒன்றாக எழுத நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றில் ஒன்றை மாற்றிவிட்டு அட்டவணையை மறுபடி போட வேண்டும்.